ஆன்பொருநையும் அமராவதியும்

சென்ற ஆண்டு முதுகலை வகுப்பில் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். சேரர் பாடல்கள். ஆன்பொருநை என்ற ஆற்றின் பெயர் வந்தபோது, வழக்கம்போல, "இதுதான் இன்றைய அமராவதி, கரூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கம்மா தினமும் கம்பெனி வண்டியில வேலைக்குப் போற கரூரா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அதே கரூர்தான் அம்மா" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவள் அறியாமையால் கேட்கவில்லை. இரண்டு கரூர்கள் உண்டு என்று இருபது ஆண்டுகளாக நான்தான் அவளைப் போன்றவர்களுக்குக் கற்பித்துவந்திருக்கிறேன். ஒன்று பாட்டில் வருவது. அங்கே ஆன்பொருநை ஓடும், மகளிர் மணலில் விளையாடுவர், சேரன் கொடை வழங்குவான். மற்றது குஜிலியம்பாறையிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருப்பது. அங்கே தறி ஓடும், சாயம் காயும், கொசுவலை தைப்பார்கள், பேருந்துக்குக் கூடு கட்டுவார்கள். முதலாவது பாடத்திட்டத்தில் இருக்கிறது. இரண்டாவது எதிலும் இல்லை. ஓர் ஊரின் வரலாற்றை நாம் எழுதும் முறையிலேயே ஒரு பெரும் பிழை இருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இதைக் குற்றச்சாட்டாக அல்லாமல் வாக்குமூலமாகவே எழுதுகிறேன்.

*

கரூரைப் பற்றித் தமிழறிஞர்கள் எழுதியதில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியது. சேரர் தலைநகரமாகிய வஞ்சி எது? கொங்குநாட்டுக் கரூரா, மேலைக் கடற்கரையின் கொடுங்கல்லூரா? ரா.இராகவையங்கார் 'வஞ்சிமாநகர்' எழுதிக் கரூரே வஞ்சி என்று வாதிட்டார். கே.ஜி.சேஷையர் 1937இல் வெளிவந்த தம் சேர மன்னர் பற்றிய நூலில் மேலைக் கடற்கரையின் பக்கம் நின்றார். இரு தரப்பிலும் புலமை உண்டு, பிடிவாதமும் உண்டு. எங்கள் தலைமுறை மாணவர்கள் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு இவ்விரு தரப்பையும் எழுதித்தான் பட்டம் வாங்கினோம்.

இந்த விவாதத்தை நான் இகழவில்லை. அதனால் விளைந்த நன்மைகள் பல. 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை கரூரில் அகழாய்வு நடத்தியது. ரோமானியத் தொடர்பைக் காட்டும் பானையோடுகள் கிடைத்தன. இரா.நாகசாமி அந்தச் சான்றுகளைத் தொகுத்து 1995இல் 'ரோமன் கரூர்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். அமராவதியின் மணலிலிருந்து ரோமானியக் காசுகளும் சேரர் காசுகளும் வெளிவந்தன. 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை', 'கொல்லிப்பொறை' என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த காசுகள் அவை. பாட்டில் மட்டுமே இருந்த சேரர், உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் உலோகமாக வந்து நின்றார்கள். இரா.கிருஷ்ணமூர்த்தி போன்ற நாணயவியலார் அவற்றைப் படித்து எழுதியிராவிட்டால் நம் இலக்கிய வரலாறு ஏழ்மைப்பட்டிருக்கும்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காசுகளை முதலில் கண்ட கைகள் பெரும்பாலும் அறிஞர்களுடையவை அல்ல. வெயிலில் ஆற்றில் இறங்கி மணலை அரித்துப் பிழைத்தவர்களுடைய கைகள். அவர்களிடமிருந்து வணிகர்களுக்கும் வணிகர்களிடமிருந்து சேகரிப்பாளர்களுக்கும் சென்றவை பல. காசில் பெயர் பொறித்த அரசனை நாம் அறிவோம். படித்துச் சொன்ன அறிஞரை அறிவோம். மணலை அரித்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. கரூரின் வரலாறு எழுதப்பட்ட முறைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

*

வஞ்சி வாதத்தை ஒதுக்கிவிட்டுக் கரூரின் மிகப் பழைய கையொப்பம் எதுவென்று தேடினால் புகழூருக்குப் போக வேண்டும். வேலாயுதம்பாளையத்தின் ஆறுநாட்டார் மலையில் சமண முனிவர்களுக்குக் கற்படுக்கைகள் வெட்டிக் கொடுத்த செய்தி தமிழ் பிராமியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் பெயர்கள் அங்கே வருகின்றன. பதிற்றுப்பத்தோடு ஒப்பிட்டு ஐராவதம் மகாதேவன் இதன் சிறப்பை உணர்த்தியதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மாணவர்களை அழைத்துச் சென்றால் நாம் காட்டுவதும் அந்தக் கல்வெட்டைத்தான்.

அதே மலையில் இன்னொரு கல்வெட்டு உண்டு. கருவூரைச் சேர்ந்த நத்தி என்னும் பொன்வாணிகன் செய்வித்த இருக்கை என்று அது சொல்கிறது. அரசர் பெயர்களோடு ஒரே மலையில், ஏறத்தாழ ஒரே காலத்தில், கரூர் என்ற ஊர்ப்பெயரைத் தன் பெயரின் முன்னே வைத்துக்கொண்டு ஒரு வணிகன் நிற்கிறான். அரசர்களுக்கு நாம் எழுதிய பக்கங்களில் நூற்றில் ஒன்றையேனும் அந்த நத்திக்கு எழுதியிருக்கிறோமா? அவன் பொன்னை எங்கே வாங்கினான், யாருக்கு விற்றான், அதை உருக்கியவர் யார் என்ற கேள்விகள் நம் வகுப்பறைகளில் எழுந்ததுண்டா?

எழுந்திருந்தால், தொழிலும் ஆறும் சேர்ந்த ஊர் என்பது நேற்று வந்த செய்தி அன்று என்பது விளங்கியிருக்கும். நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்து பாடிய கொடுமணம். அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் மணிகளை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகளும் வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது ஒரு தொழில் ஊர். மேற்கே பாலக்காட்டுக் கணவாயையும் கிழக்கே காவிரிக் கரையையும் இணைத்த பெருவழியில் கொடுமணலும் கரூரும் இருந்தன. பாடல்களில் வரும் நன்கலமும் பொன்னும் யாரோ ஒருவருடைய உலையில் உருகி, யாரோ ஒருவருடைய விரலைச் சுட்ட பிறகுதான் புலவர் கைக்கு வந்து சேர்ந்தன. 'கருவூர்' என்ற அடையோடு சங்கப் புலவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு சிற்றூரில் இத்தனை புலவர் இருக்க முடியாது. வணிகம் கொழித்த நகரில்தான் முடியும். தொழிலை ஒதுக்கிவிட்டு இலக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வது வேரை வெட்டிவிட்டுப் பூவைச் சூடிக்கொள்வது போன்றது.

*

இன்று கரூருக்கு வரும் ஓர் இலக்கிய நண்பரை எங்கே அழைத்துச் செல்வோம்? முதலில் பசுபதீசுவரர் கோயில். சம்பந்தர் பாடிய கருவூர் ஆனிலை. பூக்கூடையைப் பறித்த பட்டத்து யானையை மழுவால் வீழ்த்திய எறிபத்தரின் கதையை அங்கே நின்று சொல்வோம். திருவிசைப்பா பாடிய கருவூர்த் தேவரை நினைவுகூர்வோம். பின் தான்தோன்றிமலைக் குடைவரை. நேரம் இருந்தால் நெரூரில் சதாசிவப் பிரம்மேந்திரர் அதிட்டானம். அத்தோடு சுற்றுலா முடிந்துவிடும். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்களே. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த நண்பர் காணாமற் போகும் கரூரை எண்ணிப் பாருங்கள்.

18ஆம் நூற்றாண்டில் கரூர்க் கோட்டை மைசூர்ப் படைகளுக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே பலமுறை கைமாறியது. அந்தப் போரில் இறந்த வீரர்களுக்கான நினைவுச் சின்னம் ராயனூரில் இருக்கிறது. அதைக் கடந்து பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது எதுவென்று தெரியும்? 19ஆம் நூற்றாண்டில் கரூர் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுக்கா. 1910இல் திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பட்டது. 1995இல் தனி மாவட்டமானது. அக்காலக் கரூரின் பயிர், வரி, நெசவு பற்றி அறிய இன்றும் நாம் எடுத்துப் புரட்டுவது 1887இல் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரி எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத்தான். வரி வசூலிக்க வந்தவர் எழுதியதை, இங்கேயே பிறந்து தமிழ் படித்த நாம் நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்தும் தாண்டிச் செல்லவில்லை.

1860களில் ஈரோட்டுக்கும் திருச்சிக்கும் இடையே போடப்பட்ட இருப்புப் பாதை கரூரைக் கடந்தது. 1916இல் வெங்கட்ராம செட்டியாரும் ஆதிகிருஷ்ண செட்டியாரும் கரூர் வைசியா வங்கியைத் தொடங்கினார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1926இல், அதே ஊரில் லட்சுமி விலாஸ் வங்கி பிறந்தது. ஒரு தாலுக்கா தலைநகரில் பத்தாண்டுக்குள் இரண்டு வங்கிகள் என்றால் அங்கே எத்தகைய கொடுக்கல் வாங்கல் நடந்திருக்க வேண்டும்! நத்தியின் வாரிசுகள் என்று அவர்களைச் சொல்லத் தோன்றுகிறது. இரண்டாவது வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டு மறைந்தது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் ஊரின் அடையாளமாக இருந்த ஒரு பெயர் போனபோது, வணிகப் பக்கங்களில் செய்தி வந்தது. நம் இலக்கியப் பக்கங்களில் ஒரு வரி வந்ததா என்று எனக்கு நினைவில்லை. அந்த வங்கியின் கடனில் தறி போட்டவன், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன், அதே கடனில் வீட்டை இழந்தவன் ஆகியோருடைய கதைகளும் அந்தப் பெயர்ப்பலகையோடு கழற்றப்பட்டுவிட்டன.

காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1979இல் நிறுவப்பட்டு 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் ஆலை. நாம் எழுதுவதும் படிப்பதும் தாளில்தான். ஆனாலும் தாள் பிறக்கும் ஊர் நமக்கு இலக்கியத் தலமாகத் தோன்றவில்லை. கடலிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் இந்த ஊரின் நடுவே லைட்ஹவுஸ் கார்னர் என்று ஓர் இடம் இருக்கிறது. ஊரில் வழி கேட்டால் முதலில் காதில் விழும் பெயர்களில் அதுவும் ஒன்று. இடப்பெயராய்வு செய்யும் என் நண்பர்கள் எல்லோரும் 'பாடி', 'பட்டி', 'பாளையம்' என்ற ஈறுகளையே ஆராய்கிறார்கள். 'கார்னர்' என்ற ஈற்றை யாரும் தொடுவதில்லை.

*

இனி ஆற்றுக்கு வருகிறேன். தள்ளிப்போட முடியாத இடம் இதுதான்.

எங்கள் வட்டாரம் வானம் பார்த்த பூமி. சோளமும் நிலக்கடலையும் முருங்கையும் ஆடு மாடும்தான் வாழ்வு. மழை பொய்த்தால் கரூருக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ் ஏற வேண்டும். என் சித்தப்பா கரூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை இரவு கடைசிப் பேருந்தில் வருவார். நகக்கண்களில் சாயம் ஏறியிருக்கும். ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் சிவப்பு. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகாது. சோற்றைப் பிசையும்போது அந்த விரல்களை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். "வெள்ளைக்காரன் வீட்டுக் கட்டில்ல விரிக்கிற துணிடா தம்பி, நம்ம கையி பட்டுத்தான் போகுது" என்று பெருமையாகச் சொல்வார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டியவர் அவர்தான். தமிழ் இலக்கியத்தில் நான் வாங்கிய முதுகலைப் பட்டத்தின் அடியில் கொஞ்சம் சாயநீர் தேங்கியிருக்கிறது. இதை மறைத்துவிட்டு அமராவதியின் மாசைப் பற்றி ஆவேசமாக எழுத எனக்கு உரிமை இல்லை.

கைத்தறிப் போர்வையில் தொடங்கிய கரூர், படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு என்று உலகச் சந்தைக்கு வீட்டுத் துணி அனுப்பும் ஊராக வளர்ந்தது. நூலுக்கு நிறம் ஏற்ற நல்ல நீர் வேண்டும். நிறம் ஏற்றிய பின் கழிவை விடவும் இடம் வேண்டும். இரண்டுக்கும் ஆறு இருந்தது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. உப்பும் சாயமும் கலந்த நீர் அமராவதிக்கும் அதன் வாய்க்கால்களுக்கும் சென்றது. ஆற்றோரக் கிணறுகள் உப்பேறின. பாசன நிலம் வெளுத்தது.

இது கரூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. திருப்பூரின் சாயநீர் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியது. கொடுமணலுக்கு அருகில்தான் அந்த அணை என்பதை வரலாற்றின் குரூரமான நகைச்சுவை என்றே சொல்ல வேண்டும். உழவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் இறங்கக் கூடாது என்ற நிலை நீதிமன்றத்தால் வலியுறுத்தப்பட்டு, 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இங்கே எங்கள் திண்டுக்கல்லின் தோல் தொழிற்சாலைகளும் விலக்கல்ல. தமிழகத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பில் திண்டுக்கல்லின் பெயரும் இருக்கிறது. கரூரிலும் கட்டுப்பாடுகள் இறுகி, பல பட்டறைகள் மூடப்பட்டன. சித்தப்பா வேலை பார்த்த பட்டறையும் அவற்றில் ஒன்று. ஊருக்குத் திரும்பி வந்து ஆடு மேய்த்தார். நகக்கண் சாயம் தெளிய வெகுநாள் ஆனது.

ஆற்றைக் காத்த தீர்ப்பு நியாயமானதே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நியாயத்தின் விலையை யார் கொடுத்தார், அதற்கு முன் அநியாயத்தின் லாபத்தை யார் எடுத்தார் என்ற கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? வழக்குக் கட்டுகளில் உழவரின் நட்டம் இருக்கிறது, முதலாளியின் வாதம் இருக்கிறது, நிபுணர் குழுவின் அளவீடு இருக்கிறது. சனிக்கிழமை இரவுப் பேருந்து அதில் இல்லை. அதை எழுதுவது நீதிமன்றத்தின் வேலையும் அன்று. அது நம் வேலை.

எங்கள் பக்கத்துக் குடகனாறும் அமராவதியில் போய்ச் சேர்வதுதான். வேடசந்தூர் அருகே அதன் குறுக்கே கட்டிய அணை 1977 நவம்பர்ப் புயல் மழையில் உடைந்தது. மின்சாரம் நின்றுபோனதால் மதகுகளை முழுதும் உயர்த்த முடியவில்லை. கையால் உயர்த்த முயன்றும் பலனின்றி வெள்ளம் கரையின் மேல் ஏறி வழிந்து அணையை அறுத்துச் சென்றது என்று அணைப் பாதுகாப்பு பற்றிய பொறியியல் பாடங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. பொறியாளர்கள் அதைப் பாடமாக்கிவிட்டார்கள். எங்களுக்கு அது அப்பத்தாவின் நாட்காட்டியாக மட்டுமே இருந்தது. "அணை உடைஞ்ச வருசம் உங்கப்பனுக்குக் கல்யாணம்" என்பாள். அப்பத்தா போய்விட்டாள். அந்த நாட்காட்டியும் போய்விட்டது. அவளிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டு எழுதிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அந்த நாளில் நான் வஞ்சி எது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

*

இங்கிலாந்தில் ஆற்றங்கரைத் தொழில் ஊர்களின் கதை வேறு விதமாகப் பதிவாகியிருக்கிறது. டெர்வெண்ட் ஆற்றின் நீர்விசையைக் கொண்டு 1771இல் ஆர்க்ரைட் குரோம்ஃபோர்டில் பஞ்சாலை தொடங்கினார். அந்தப் பள்ளத்தாக்கின் ஆலைகள் 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. அதே ஆண்டு, ஏர் ஆற்றங்கரையின் சால்டேர் என்ற ஆலைக் குடியிருப்பும் அப்பட்டியலில் சேர்ந்தது. அரண்மனையோ தேவாலயமோ அல்ல. ஆலையும் தொழிலாளர் வீடுகளும். போலின் ஆற்றங்கரையில் 1784இல் சாமுவேல் கிரெக் கட்டிய குவாரி பேங்க் ஆலை இன்று காட்சியகம். ஆலையில் வேலை செய்ய ஒப்பந்தம் செய்து கொண்டுவரப்பட்ட ஏழைச் சிறுவர்கள் தங்கிய விடுதியும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. அந்தச் சிறுவர் விடுதியைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளின் பெண்கள் விடுதிகள்தாம் நினைவுக்கு வந்தன. மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை பார்த்தால் திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று 'சுமங்கலி' என்ற மங்கலப் பெயரில் நடந்த அந்த ஏற்பாட்டின் காட்சியகத்தை நாம் எப்போது திறப்போம்?

ஆங்கிலேயரைப் போற்றுவது என் நோக்கமன்று. அந்த கிரெக் குடும்பத்துக்கு டொமினிக்காவில் அடிமைகளைக் கொண்டு நடத்திய தோட்டம் இருந்தது. அங்கே ஆலைகள் பெருகியதற்கும் இங்கே நம் நெசவாளர் தறியை இழந்ததற்கும் உள்ள தொடர்பும் நாம் அறியாததன்று. தேம்ஸ் ஆற்றை அவர்கள் படுத்திய பாட்டில், 1957இல் அது உயிரற்ற ஆறு என்றே அறிவியலாரால் சொல்லப்பட்டது. பின்னர் பல பத்தாண்டு உழைப்பில் அதில் மீன்கள் திரும்பின. நான் அவர்களிடம் வியப்பது ஒன்றைத்தான். தம் ஊரின் அழுக்கையும் வரலாறு என்று ஒப்புக்கொண்டு, அதற்கும் ஒரு பலகை எழுதி மாட்டுகிறார்கள். நாம் பெருமைக்கு மட்டுமே கல்வெட்டு வைக்கிறோம்.

நம்மிடமும் முன்னோடிகள் இல்லாமலில்லை. தாமிரபரணிக் கரை நெசவாளரின் பட்டினியைத் தொ.மு.சி.ரகுநாதன் 1953இலேயே 'பஞ்சும் பசியும்' நாவலாக்கினார். திருப்பூரின் சாயத்தைச் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யிலும், பனியன் தொழில் மனிதர்களை எம்.கோபாலகிருஷ்ணன் 'மணல் கடிகை'யிலும் எழுதினார்கள். புனைகதை எழுத்தாளர்கள் தம் கடனைச் செய்துவருகிறார்கள். தமிழ்த்துறைகளைச் சேர்ந்த நாங்கள்தாம் செய்யவில்லை.

*

இதற்கு எதிராக நண்பர்கள் இரண்டு வாதங்களைச் சொல்வதுண்டு. ஒன்று, இது சமூகவியலின் வேலை, தமிழ்த்துறையின் வேலையன்று. இரண்டு, சங்க கால ஆய்வே முடியாமல் கிடக்கும்போது சாயப்பட்டறைக்கு என்ன அவசரம்?

முதல் வாதத்துக்கு என் விடை: பாவு, ஊடை, தார், நாடா, பண்ணை, அச்சுப் பிணைத்தல் என்ற சொற்கள் தமிழ்ச் சொற்கள் இல்லையா? தறிக்குழியில் புழங்கிய சொற்களில் எத்தனை அகராதியில் ஏறியிருக்கின்றன? விசைத்தறி வந்தபோது பாதிச் சொற்கள் போயின. தானியங்கித் தறி வந்தபோது மீதியும் போகின்றன. சொல்லைக் காப்பது தமிழ்த்துறையின் வேலை இல்லையென்றால் வேறெதுதான் எங்கள் வேலை?

இரண்டாவது வாதத்துக்கு: சங்கப் பாடல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்துவிட்டன. இனி அவை அழியா. கல்வெட்டு கல்லில் இருக்கிறது. அடுத்த தலைமுறையும் படிக்கலாம். ஆனால் கைத்தறிக் காலத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு இன்று எண்பது வயது. ஆற்றில் இறங்கித் தெளிந்த நீரை அள்ளிக் குடித்தவருக்கு எழுபது. அவசரம் எதற்கு என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறு வெறும் நினைவுச் சின்னமாகிவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வைகாசியில் கரூர் மாரியம்மன் திருவிழா நடக்கிறது. கோயிலில் நட்டு வழிபட்ட கம்பத்தை ஊர்வலமாகக் கொண்டுபோய் அமராவதியில் விடுகிறார்கள். ஊரே ஆற்றங்கரையில் திரள்கிறது. தறிக்காரரும் முதலாளியும் சாயப்பட்டறைத் தொழிலாளியும் கிணறு கெட்ட உழவரும் ஒரே கரையில் நிற்கிறார்கள். என் சித்தப்பா வேலை போன பிறகும் கம்பம் விடும் நாளன்று மட்டும் கரூருக்குப் போய்வந்தார். "ஆத்தா போற தண்ணியில நாம என்னத்தையெல்லாம் உட்டோம்" என்று ஒருமுறை சொன்னார். அமராவதியின் மாசைப் பற்றி நான் கேட்ட மிக நேர்மையான வாக்கியம் அதுதான். அறிக்கைகளில் அதைப் போன்ற ஒன்றை நான் படித்ததில்லை.

*

கட்டுரை நீண்டுவிட்டது. எளிய ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன்.

முதுகலை மாணவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் ஆய்வேட்டுத் தலைப்புகளில் பாதி, முன்னரே பலமுறை எழுதப்பட்டவை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஆண்டுக்கு ஐந்து பேருக்கு மட்டும், தன் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு தொழில், ஒரு தெரு, ஒரு நீர்நிலை என்று கொடுத்தால் போதும். பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். சொற்களைத் தொகுக்கட்டும். வங்கியின் பழைய கட்டடம், மூடிய பட்டறை, ராயனூர் நினைவுச் சின்னம் இவற்றின் முன்னே நின்று குறிப்பெடுக்கட்டும். பத்தாண்டில் ஐம்பது ஏடுகள் சேரும். நிக்கல்சனைத் தாண்டுவதற்கு அது போதுமான தொடக்கம்.

என் பங்குக்கு இந்த ஆண்டு ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். முன்வரிசை மாணவியை அழைத்து, அவள் அம்மா வேலைசெய்யும் இடத்தில் புழங்கும் சொற்களை எழுதிவரச் சொன்னேன். "அதெல்லாம் பாடத்துல வருமா ஐயா?" என்று தயங்கினாள். "வராது, நாம கொண்டுவருவோம்" என்றேன். பத்து நாள் கழித்து ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்பத்தொரு சொற்கள். துணியை மடிப்பதற்கு மட்டுமே நான்கு சொற்கள் இருந்தன. அவற்றில் மூன்று எனக்குத் தெரியாதவை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. கம்பெனி வண்டி பாலத்தைக் கடக்கும்போது அம்மா சன்னல் வழியாக ஆற்றைப் பார்ப்பாளாம். தண்ணீர் ஓடும் நாட்களில் வீட்டுக்கு வந்து அதைச் சொல்வாளாம். "ஆன்பொருநைன்னு பேரு சொன்னேன் ஐயா. நல்ல பேரா இருக்கேன்னு சொன்னாங்க" என்றாள் மாணவி.

அந்தப் பெயர் இத்தனை நாளும் அந்த வண்டிக்குள் போய்ச் சேராமல் இருந்தது எங்கள் குற்றம். அந்த வண்டி எங்கள் பாடத்துக்குள் வராமல் இருப்பதும் அதே குற்றம்தான்.